இரண்டு வண்டி

வினிபெக்கில் பேருந்துச் சாரதி நான்.
எங்கள் பேச்சில்
வயிற்றுக்கும் வண்டி என்றுதான் பெயர்.
ஐம்பத்து மூன்று வயதில்
இரண்டையும் ஓட்டித் திரிகிறேன்.
ஒன்றை இரவில் பணிமனையில் விட்டுவிடலாம்.
மற்றது என்னோடு கட்டிலுக்கு வரும்.

நவம்பரில் மருத்துவர்
திரையைத் திருப்பிக் காட்டினார்:
கல்லீரலில் கொழுப்பு.
என் தமக்கை நாற்பது வருடமாகச் சொல்வதுதான்,
அவளுக்கு ஸ்கான் தேவைப்படவில்லை.

சகலன் கேதாரநாதனுக்கும் அதே வியாதி.
ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள்,
ஒரே மாமியாரின் பக்குவம்
இரண்டு அடுப்பில் கொதிக்கிறது.
வாயைக் கட்டுகிறேன் என்றான் அவன்.
காலை அவிழ்க்கிறேன் என்றேன் நான்.
பந்தயம், ஆற்றில் பனி உடையும்வரை.
தோற்றவன் அடுத்த குளிர்காலம் முழுக்க
வென்றவன் வாசலில் ஸ்னோ தள்ள வேண்டும்.

பவளராணி தையல் பெட்டி திறந்து
அளவு நாடாவை எடுத்தாள்.
எனக்கு நாற்பத்து நாலு. அவனுக்கும் நாற்பத்து நாலு.
மூச்சை உள்ளே இழுத்தும்
நாற்பத்து நாலு.

மைனஸ் முப்பதில் வெளியே நடந்தால்
மூக்குமயிர் கண்ணாடியாகும்.
கடைகள் திறக்குமுன் மாலுக்குள் நடந்தேன்.
எண்பது வயது உக்ரேனியப் பெண்ணொருத்தி
கையை வீசிக்கொண்டு என்னை முந்திப் போவாள்,
ஒவ்வொரு சுற்றும் ஒரு குட்மார்னிங்.
ஏழாவது சுற்றில் கறுவா பன் வாசம் எழும்பும்.
ஒரு மட்டன் ரோல்ஸைக் கரைக்க
எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டேன்.
நடந்தவனுக்குப் பசிக்கும் என்பதைக்
கணக்கில் சேர்க்கவில்லை.

கேதாரநாதன் சோற்றை விட்டான்.
புட்டை, கடிதம் நிறுக்கும் தராசில் நிறுத்தான்.
மாசியில் ஒரு சாமத்திய வீட்டில்
ஆளாளுக்கு அவன் தோளைத் தொட்டார்கள்:
"என்ன வருத்தமாம்? ஆரட்டைக் காட்டுறியள்?"
கன்னம் விழுந்துவிட்டது, கழுத்து விழுந்துவிட்டது.
ஊரெல்லாம் காய்ந்த பிறகும் வற்றாத குளமாய்
வண்டி மட்டும் அங்கேயே.

ஓர் இரவு பதினொரு மணிக்குப் போன் அடித்தான்.
"என்ன சாப்பிட்டனி?
சொல்லு. ஆறுதலாச் சொல்லு."
நான் சொன்னேன்:
புட்டு. கத்தரிக்காய்ப் பால்கறி.
மோர்மிளகாய், ரெண்டு, கொஞ்சம் கருகினது.
மறுமுனையில் மூச்சு மட்டும்.
"மிளகாயைத் திரும்பச் சொல்லு" என்றான்.

அதற்குப் பிறகு
என் கோப்பையில் கொஞ்சம் மிஞ்சத் தொடங்கியது.
ஏனென்று கேட்டால் பதில் இல்லை.
பசித்த குரலொன்று காதில் இருக்கையில்
இரண்டாம் முறை கறி ஊற்றக்
கை எழும்பவில்லை, அவ்வளவுதான்.
பங்குனி முதல் கிழமை
மாலின் பின்கதவால்
பழைய சப்பாத்தோடு வந்தான் அவன்.
வீட்டில் சூடு கூடிப்போச்சாம், காற்று வாங்க வந்தானாம்.
இருவரும் பந்தயத்தைப் பற்றிப் பேசவில்லை.
உக்ரேனியப் பெண் இப்போது
இரண்டு பேருக்குக் குட்மார்னிங் சொன்னாள்.

பனி உடைந்தது.
நாடா வந்தது.
எனக்கு நாற்பத்து மூன்று. அவனுக்கும்.
ஐந்து மாதத்துக்கு ஒரு அங்குலம்,
ஆற்றுப் பனியே இதைவிட வேகமாகக் கரைந்தது.
சந்தேகத்தில் நாடாவை வாங்கிப் பார்த்தேன்.
அது மூன்றில் தொடங்கியது.
முதல் இரண்டு அங்குலம் இல்லை,
கத்தரி வெட்டின நேர்கோடு.

"சின்னவள் பள்ளிக்கூட வேலைக்கு வெட்டினவள்.
ரெண்டு வருசமாச்சு," என்றாள் பவளராணி.
அப்படியென்றால் நாங்கள் தொடக்கத்திலேயே
நாற்பத்து ரெண்டுதானே!
ஏன் சொல்லவில்லை?

அவள் நாடாவைச் சுருட்டினாள்.
"சொன்னா நிண்டிடுவியள்.
நடக்கட்டும் எண்டு விட்டனான்."

கேதாரநாதன் சிரித்தான்,
சிரிக்கையில் அவனது வண்டி குலுங்கியது,
முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக என்று
நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.
வெளியே, சித்திரையிலும் வெட்கமில்லாமல்,
திரும்பக் கொட்டத் தொடங்கியிருந்தது.
யார் தள்ளுவது என்று
இன்னும் முடிவாகவில்லை.